தோலும் தாளும் ஒரே சுவரில்

சித்திரக் கண்காட்சிகளுக்குப் போய்ப் பழகியவர்கள் ஒரு சிறிய சம்பிரதாயத்தைக் கவனித்திருப்பார்கள். எண்ணெய் வர்ண ஓவியத்தின் மூலையில் ஓவியரின் பெயர் மட்டும் காணப்படும். பதிப்போவியத்தின் அடியிலோ, தாளின் வெள்ளை விளிம்பில், பென்சிலால், இடப்பக்கம் 3/25 என்பது போல ஓர் எண்ணும் வலப்பக்கம் கையெழுத்தும் காணப்படும். செப்புத் தகட்டிலோ மரக்கட்டையிலோ கல்லிலோ ஓவியர் வடித்த ஓர் உருவத்திலிருந்து இருபத்தைந்து பிரதிகள் எடுக்கப்பட்டன என்பதும், நம் முன்னே தொங்குவது அவற்றுள் மூன்றாவது என்பதும் அதன் பொருள். இருபத்தைந்தும் மூலமே; ஒன்றும் நகல் அன்று. இந்த ஏற்பாட்டைக் கலையுலகம் யாதொரு ஆட்சேபமும் இன்றி ஏற்றுக்கொண்டு, அதற்குத் தக்க விலையும் வைத்து, வாங்கியும் விற்றும் வருகிறது. ஆனால் அதே கலையுலகத்தின் வாசலில் ஒரு கைவினைஞர் தாம் செய்த பொருளைக் கொண்டுபோய் நின்றால், “இதைப் போல நூறு செய்வீர்களே, இதில் என்ன விசேஷம்?” என்ற கேள்வி எழுந்துவிடுகிறது. பதிப்போவியரை யாரும் இப்படிக் கேட்பதில்லை.

கைவினையையும் பதிப்போவியத்தையும் ஒரே கூடத்தில், இரண்டு கலைஞர்களின் பெயரால், சரிசமமாக வைத்துக் காட்டும் கண்காட்சிகள் இக்காலத்தில் உலகத்தின் பல நகரங்களில் நடைபெறுகின்றன. அவற்றைப் பார்த்து வருகிறவர்கள், இரு கலைகளின் இனிய சங்கமம் என்று பாராட்டுவதோடு நின்றுவிடுகிறார்கள். என் அபிப்பிராயத்தில், அந்தச் சேர்க்கை இனிமைக்காக மட்டும் செய்ய வேண்டியது அன்று. அது ஒரு வழக்கில் சாட்சி சொல்ல வேண்டியது. பிரதிகள் பல என்ற காரணத்தால் கைவினையை வாசலில் நிறுத்துவது நியாயமானால் பதிப்போவியத்தையும் அங்கேயே நிறுத்த வேண்டும். பதிப்போவியத்தை உள்ளே விட்டது நியாயமானால் கைவினையைத் தடுப்பதற்கு வேறு காரணம் தேட வேண்டும். அந்த வேறு காரணம் யாது என்று தேடிக்கொண்டு போனால், தமிழ்நாட்டில் அது நம்மைப் பாலாற்றங்கரையில், வேலூர், இராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று வரிசையாக நிற்கும் தோல் ஊர்களில் கொண்டுபோய் விட்டுவிடும்.

இவ்வூர்களில் ‘தோல் ஷாப்’ என்று ஜனங்கள் சொல்லும் தோல் பதனிடும் தொழிற்சாலைகளுக்குள் சென்று பார்த்தவர்களுக்கு, பதிப்போவியருடைய பட்டறைக்கும் அதற்கும் உள்ள உறவை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பச்சைத் தோல் சுண்ணாம்பில் ஊறி, மயிரும் சதையும் நீங்கி, பெரிய மர டிரம்களில் குரோமிய உப்போடு சுழன்று, இளநீல நிறத்தில் ஈரத்தோடு வெளியே வருகிறது. அதன்பின் சீவப்பட்டு, சாயமும் எண்ணெயும் ஏற்று, உலர்ந்து, கடைசியில் ஓர் இயந்திரத்தின் அடியில் போய்ப் படுக்கிறது. அந்த இயந்திரத்தில் சித்திரம் செதுக்கிய ஒரு கனத்த உலோகத் தகடு பொருத்தப்பட்டிருக்கும். சூடேறிய அந்தத் தகடு மிகுந்த அழுத்தத்தோடு தோலின்மேல் இறங்கி எழுந்தால், மாட்டுத் தோலின்மேல் முதலையின் செதில்களோ தீக்கோழியின் இறகுக்குழிகளோ பதிந்து நிற்கும். எம்பாசிங் என்று தொழிலாளர்கள் சொல்லும் இந்த வேலைக்கும், அமிலத்தால் அரிக்கப்பட்ட செப்புத் தகட்டில் மையைத் தடவி, மிகையை மெல்லிய துணியால் துடைத்து, நனைத்த தாளை அதன்மேல் விரித்து, உருளை அழுத்தியில் செலுத்தி எடுக்கும் பதிப்போவியருடைய வேலைக்கும் அடிப்படை ஒன்றே. ஒரு தகடு, ஓர் அழுத்தம், அதை வாங்கிக்கொள்ளும் மெத்தென்ற ஒரு பரப்பு: இம்மூன்றும் இரண்டிடத்திலும் உண்டு. இன்னும் சொல்லப்போனால் அச்சுத்தொழில் தோலுக்கு நேராகவே கடன்பட்டிருக்கிறது. அச்சு எழுத்துகளின்மேல் மை ஒற்றுவதற்கு ஐரோப்பாவின் பழைய அச்சுக்கூடங்களில் உபயோகித்தவை தோல் பந்துகளே. கல்லச்சுக்காரர்கள் மை தேய்க்கும் உருளைக்கும் தோலுறையே போர்த்தினார்கள்.

டிரம் வேலைக்கும் எம்பாசிங்குக்கும் பிறகு ஷூ கம்பெனி வருகிறது. கட்டிங் மேசையில் நிற்பவர் ஒரு முழுத்தோலைக் கையால் தடவிப் பார்க்கிறார்: முதுகுப் பக்கம் இறுக்கம், வயிற்றுப் பக்கம் தளர்ச்சி, எந்தத் திசையில் இழுத்தால் நீளும், எங்கே உண்ணி கடித்த புள்ளி, எங்கே முள் கீறிய தழும்பு என்பதையெல்லாம் விரல்கள் சொல்ல, அதற்கேற்பத் துண்டுகளைப் பிரிக்கிறார். காலின் முன்பக்கம் வளையும் இடத்துக்குத் தளர்ந்த தோல் போய்விட்டால் அந்த ஜோடி வீண். பிறகு ஓரங்களைக் காகிதம் போல மெலிதாக்கும் ஸ்கைவிங், மடிப்பு, தையல் என்று வேலை கைமாறிப் போகும். சுற்றுக் கிராமங்களிலிருந்து விடியற்காலையில் கம்பெனிப் பேருந்துகளில் வந்திறங்கும் பெண்களே இவற்றில் பெரும்பகுதியைச் செய்கிறார்கள். எல்லாம் முடிந்து, பாதம் படும் உள்தோலின்மேல் பொன்னிறத்திலோ வெள்ளியிலோ ஒரு பெயர் அச்சிடப்படுகிறது. அது ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ உள்ள ஒரு வியாபாரியின் பெயர். ஒரு ஜோடி பாதரட்சையில் பதிக்கப்படும் பெயர் அது ஒன்றே. பதிப்போவியர் இருபத்தைந்து பிரதிகளிலும் தம் பெயரைத் தாமே எழுதுகிறார். ஆம்பூர்த் தொழிலாளி ஆயிரம் ஜோடியிலும் வேறொருவர் பெயரைப் பதித்து அனுப்புகிறார். இரண்டும் பிரதிகள்தாம். வித்தியாசம் பிரதியில் இல்லை, கையெழுத்தில் இருக்கிறது.

இவ்விரண்டு வேலைகளும் ஆதியிலிருந்தே தனித்தனி உலகங்களில் நடந்தவை என்று யாரேனும் எண்ணினால், அவர்கள் சென்னைக் கலைப் பள்ளியின் சரித்திரத்தைச் சற்றுப் புரட்டிப் பார்க்க வேண்டும். 1850-ஆம் ஆண்டில் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற ராணுவ வைத்தியர் சென்னையில் தொடங்கியதும், பின்னர் அரசாங்கம் ஏற்று நடத்தியதும், இன்று எழும்பூர்ப் பக்கத்தில் அரசு கவின்கலைக் கல்லூரியாக விளங்குவதுமான அந்தப் பள்ளியில், சித்திரமும் மரச் செதுக்கு அச்சும் மண்பாண்டமும் உலோக வேலையும் ஒரே வளாகத்தில் கற்பிக்கப்பட்டன. தேவிபிரசாத் ராய் சௌதுரி அதன் தலைவராக இருந்ததும், அவருக்குப்பின் கே. சி. எஸ். பணிக்கர் வந்ததும், நவீன தமிழ்நாட்டு ஓவியம் அங்கே உருவெடுத்ததும் பலர் அறிந்த சமாசாரம். பலர் அறியாதது வேறொன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அந்தப் பள்ளியின் பொறுப்பு ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்ற பொறியியல் பேராசிரியரிடம் வந்தது. கைத்தொழில் வளர்ந்தால்தான் நாடு உய்யும் என்ற நம்பிக்கையுடைய அவர், 1898-இல் அங்கே அலுமினியப் பாத்திர வேலையைத் தொடங்கி அதை ஒரு தொழிலாகவே நிலைநாட்டிவிட்டார். அதன்பின் 1903-இல் குரோம் முறையில் தோல் பதனிடும் பரிசோதனைகளையும் ஆரம்பித்தார். சித்திரப் பள்ளியின் வளாகத்திலேயே!

அதற்கு முன்பு நம் நாட்டில் தோல் பதனிட்டவர்கள் ஆவாரம்பட்டையையும் கொன்றைப்பட்டையையும் கடுக்காயையும் நம்பியிருந்தார்கள். பல வாரங்கள் தொட்டியில் ஊறி இளம்பழுப்பு நிறத்தில் எழுந்துவரும் அந்தத் தோல் கப்பலேறி இங்கிலாந்துக்குப் போனது; இன்றைக்கும் ஈ.ஐ. தோல் என்ற பெயரில் புவிசார் குறியீட்டுடன் விளங்குவது அதுவே. சாட்டர்டன் கண்ணில் பட்ட குறை இங்கிலாந்து சம்பந்தப்பட்டது அன்று. நம் குடியானவர்கள் கிணற்றிலிருந்து கவலையேற்றி நீர் இறைக்கும் தோல்சால் ஓயாமல் நனைந்து விரைவில் அழுகிப்போவதே அவர் மனத்தை உறுத்தியது. குரோமிய உப்பில் பதனிட்ட தோல் தண்ணீரில் அவ்வளவு சுலபமாகக் கெடாது என்பதை அறிந்து, முதலில் கவலைச் சால்களுக்கும், பிறகு செருப்புக்கும் பூட்ஸுக்கும் அதைப் பயன்படுத்தச் செய்தார். பரிசோதனை வளர்ந்து அரசாங்கத் தொழிற்சாலையாகிச் செம்பியத்துக்கு இடம்பெயர்ந்தது. சர்க்காரே வியாபாரத்தில் இறங்குவது தங்களுக்குக் கேடு என்று வெள்ளைக்கார வர்த்தகர்கள் கூக்குரலிட, லண்டனில் இருந்தவர்களும் அதற்குச் செவிசாய்க்க, 1910-ஐ ஒட்டி அது ரேவா மகாராஜாவுக்கு விற்கப்பட்டது. குரோம் தோல் மட்டும் நிலைத்தது. சென்னையில் குரோம்பேட்டைக்கு அதனாலேயே அந்தப் பெயர் வந்தது. பாலாற்றங்கரையில் அது ஒரு பிரதேசத்தின் ஜீவனமாகவே ஆயிற்று. சித்திரக்காரரும் தோல்காரரும் ஒரே மதிலுக்குள் வேலை செய்த ஒரு காலம் நம் சென்னையிலேயே இருந்தது என்பதையும், ஓவியம் அந்த மதிலுக்குள்ளேயே தங்கிக் கலையாகி, தோல் அந்த மதிலைத் தாண்டித் தொழிற்சாலையானபோது பிரிந்தது கௌரவம்தான் என்பதையும் வேலூர்க்காரர்கள் பெருமிதத்தோடும் சற்றுக் கோபத்தோடும் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

துணியின் விஷயம் வேறாக நடந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு, 1950-களில், புபுல் ஜெயகரின் முயற்சியால் நெசவாளர் சேவை மையங்கள் தோன்றியபோது, ஓவியர்களை உத்தியோகத்தில் அமர்த்தித் தறிகளின் பக்கத்திலேயே உட்கார வைத்தார்கள். கே. ஜி. சுப்பிரமணியன் பம்பாயில் அப்படிப் பணியாற்றினார். சென்னை மையத்தில் நம் ஆதிமூலமும் ட்ராட்ஸ்கி மருதுவும் இருந்திருக்கிறார்கள். தோலுக்கு அதற்குச் சில ஆண்டுகள் முன்பே வந்தது, 1948-இல் அடையாற்றில் நிறுவப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம். அது உலகப் புகழ் பெற்ற விஞ்ஞான ஸ்தாபனம். அதன் சேவையைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆயினும் துணிக்கு ஓவியரைத் தேடிய தேசம் தோலுக்கு ரசாயன நிபுணரை மட்டும் போதுமென்று கருதிய மனப்பான்மை கவனிக்கத் தக்கது.

துணிக்குக் கிடைத்த பரிவின் பலனாக விளைந்த ஓர் அழகான கூட்டுறவைச் சொல்ல வேண்டும். பணிக்கரும் அவருடைய மாணாக்கர்களும் 1966-இல் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் கலைக் கிராமத்தை நிறுவியபோது, அவர்கள் ஜீவனத்துக்குக் கைகொடுத்தது கைவினை. பாத்திக் துணிகளையும் உலோகப் பொருள்களையும் செய்து விற்ற பணத்தில்தான் ஓவியம் வரைய அவகாசம் கிடைத்தது. அந்தக் கூட்டத்தில் ஒருவரான எஸ். ஜி. வாசுதேவ், பின்னாளில் பெங்களூரில் குடியேறி, சுப்பராயுலு என்ற நெசவுக் கலைஞரோடு சேர்ந்து பட்டு நூலில் சித்திரத் திரைகளை உருவாக்கத் தொடங்கினார். வாசுதேவின் வர்ணங்களை அப்படியே நூலில் பெயர்த்தெடுப்பது ஆகாத காரியம். தூரிகை ஒரே இழுப்பில் செய்வதை, பல நிற இழைகளைக் கலந்து கலந்து, ஒவ்வோர் ஊடுநூலாகத் தறியில் கட்டி எழுப்ப வேண்டும். அதில் எந்த நிறம் எந்த நிறத்தின் அருகில் நின்றால் கண்ணுக்கு மூன்றாவது நிறம் தோன்றும் என்பது நெசவாளரின் அறிவு. அந்தத் திரைகள் கண்காட்சிக்கு வரும்போது சுப்பராயுலுவின் பெயரும் வாசுதேவின் பெயரோடு சேர்ந்து பேசப்படுகிறது. ஒரு வாக்கியத்தில் சொல்லிவிடக்கூடிய இந்தச் செய்தி, நம் கலைக்கூடங்களின் வழக்கத்தை அறிந்தவர்களுக்கு எவ்வளவு அபூர்வமானது என்று தெரியும்.

வடக்கே கன்வல் கிருஷ்ணா, தேவயானி கிருஷ்ணா தம்பதியும் இங்கே நினைக்கத் தக்கவர்கள். 1940-இல் தலாய் லாமாவின் பட்டாபிஷேகத்தை லாசாவில் நேரில் கண்டு வரைந்தவர் கன்வல். தேவயானி இமயமலை நாடுகளின் முகமூடிகளை வரைந்து தொகுத்தவர். இருவரும் டில்லி மாடர்ன் பள்ளியில் ஆசிரியர்களாக இருந்துகொண்டே இந்தியாவில் நவீன பதிப்போவியத்தை வேரூன்றச் செய்தார்கள். தேவயானி அதோடு பாத்திக் துணியும் செய்தார். குழந்தைகளுக்கான பொம்மைகளும் செய்தார். ஒரே வீட்டில், ஒரே அழுத்தியின் பக்கத்தில், கைவினையும் பதிப்பும் யார் உயர்ந்தவர் என்ற விசாரம் இன்றி வளர்ந்தன. தம்பதிகள் விஷயத்தில்கூடக் கலை சரித்திரக்காரர்கள் மனைவியின் பொம்மைகளை அடிக்குறிப்பில் தள்ளிவிடுகிறார்கள் என்பது வேறு கதை.

துணியும் பொம்மையும் எப்படியோ கதவைத் தட்டி உள்ளே வருகின்றன. தோல் வருவது கடினம். பிரதிகள் பல என்பது சாக்கு மாத்திரமே. தோலைத் தொடுவது தீட்டு என்று ஒரு சமூகம் பல நூற்றாண்டுகளாக வைத்திருந்த கட்டுப்பாடும், அந்தத் தொழிலை ஒடுக்கப்பட்ட ஜாதியாருக்கும் இஸ்லாமியருக்கும் ஒதுக்கிவிட்டு அதன் பலனை மட்டும் அனுபவித்த வழக்கமுமே மெய்யான காரணம். இதற்கு விலக்கு ஒன்று உண்டு, அது இன்னும் விசித்திரமானது. ஆந்திரத்தில் நிம்மலகுண்டா என்ற கிராமத்தில் தோல்பாவை செய்யும் தலவாய் சலபதி ராவ் அவர்களுக்கு 2020-இல் பத்மஸ்ரீ அளித்தார்கள். மிகவும் தகுதியான விருது. ஆனால் அந்தத் தோலில் இராமனும் சீதையும் அனுமனும் இருக்கிறார்கள். தெய்வத்தின் உருவம் ஏறினால் தோல் கலையாகிவிடுகிறது. மனிதனுடைய காலை ஏற்றால் அது வெறும் சரக்காகிவிடுகிறது. அதே இராம கதையில் பதினான்கு வருஷம் அயோத்தியை ஆண்டது ஒரு ஜோடி பாதுகைதான். அதைச் செய்தவர் பெயர் என்ன என்று எந்தக் கதாகாலட்சேபத்திலும் நான் கேட்டதில்லை.

பதிப்போவியர்கள் இந்தத் தீட்டை நேருக்கு நேர் சந்தித்திருக்கிறார்கள் என்பது, தோலுக்குத் துணையாகப் பதிப்போவியத்தையே நான் கோருவதற்கு மற்றொரு காரணம். நாகபுரியில் 1961-இல் பிறந்த சாவி சாவர்கர் தீண்டாமையின் குரூரத்தைத் தம் செதுக்கு ஓவியங்களில் இரக்கமின்றிப் பதித்தவர். அவருக்கு முன்பே சித்தபிரசாத்தும் சோம்நாத் ஹோரும் வங்காளத்துப் பஞ்சத்தையும் போராட்டங்களையும் கறுப்பு வெள்ளையில் பொறித்தார்கள். சுலபமாகப் பெருக்கிப் பல பேர் கையில் கொடுக்கலாம் என்பதாலேயே அச்சு எளியவர்களுடைய கலையாக ஆயிற்று. தோல்காரருடைய பக்கத்தில் வந்து நிற்பதற்கு அதற்கு உரிமை உண்டு.

வேலூர்ப் பக்கத்துக்கு இன்னும் நெருங்கிய உரிமையும் உண்டு. உலகப் பதிப்போவியக் கலையை மாற்றியமைத்த மேதைகளுள் ஒருவரான கிருஷ்ணா ரெட்டி, 1925-இல், சித்தூர் அருகே நந்தனூர் என்ற கிராமத்தில் பிறந்தவர். சித்தூர் அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. 1911-இல் தனி ஜில்லாவாகப் பிரியும்வரை வடஆர்க்காட்டின் தலைநகரமாகவே இருந்தது. வேலூரிலிருந்து நாற்பது கிலோமீட்டருக்குள் அடங்கும் தூரம். சாந்திநிகேதனத்தில் படித்து, சென்னையில் கலாக்ஷேத்திரத்தில் ஓவிய ஆசிரியராக இருந்து, லண்டனுக்கும் பின் பாரிஸுக்கும் சென்ற அவர், அங்கே வில்லியம் ஹேய்ட்டருடைய ‘அத்தெலியே 17’ பட்டறையில் ஒரு புதிய முறையை வளர்த்தெடுத்தார். சாதாரணமாகப் பல வர்ணங்களுக்குப் பல தகடுகள் வேண்டும். ஒரே தகட்டைச் சிற்பம் போலப் பல ஆழங்களில் குடைந்து, எண்ணெய்ச் சத்து கூடியும் குறைந்தும் உள்ள மைகளை மென்மையான உருளையாலும் கடினமான உருளையாலும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றினால், ஒரு மை மற்றொரு மையை ஏற்க மறுத்து ஒதுங்க, ஒரே அழுத்தலில் எல்லா வர்ணங்களும் தாளில் இறங்கிவிடும். இதற்கு வேண்டிய புத்தி ஓவியருடையது மட்டும் அன்று. எந்த மை எவ்வளவு கெட்டி, எந்தப் பரப்பு எதை உறிஞ்சும், கை எவ்வளவு அழுத்த வேண்டும் என்று அறியும் தொழிலாளியின் புத்தி. டிரம்மில் சாயம் எவ்வளவு நேரத்தில் தோலின் குறுக்கே ஊடுருவும் என்று வெட்டிப் பார்த்துச் சொல்லும் ஒரு பேரணாம்பட்டுக்காரர், ரெட்டியின் பட்டறைக்குள் நுழைந்திருந்தால் அரைமணி நேரத்தில் ஸ்நேகிதராகியிருப்பார் என்பது என் நம்பிக்கை. ரெட்டி 2018-இல் நியூயார்க்கில் காலமானார்.

ஆட்சேபங்கள் உண்டு என்பதை அறிவேன். முதலாவது, தோல் தொழிலுக்குப் பூமாலை சூட்டுவது பாலாற்றுக்குச் செய்யும் துரோகம் அல்லவா என்பது. பாலாற்றின் நிலத்தடி நீரும் வயல்களும் தோல் கழிவால் கெட்ட கதையை ஒளிக்க முடியாது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, கெடுத்தவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் ஸ்திரப்படுத்தியது. அந்த ஈட்டுத்தொகையும் ஆற்றின் சீரமைப்பும் இன்னும் முடியாமல், 2025 ஜனவரியிலும் அதே நீதிமன்றம் மறுபடி தலையிட வேண்டியிருந்தது. நான் கேட்கும் கண்காட்சி இதை மறைப்பதற்காக அன்று. குரோமியத்தின் நீலமும் ஆவாரையின் பழுப்பும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கப்பட்டால், எதற்கு எவ்வளவு விலை யார் கொடுத்தார்கள் என்ற கேள்வி தானே பிறக்கும். பதிப்போவியரும் அமிலத்தையும் கரைப்பான்களையும் உபயோகிக்கிறவர்தாம். தம் பட்டறையின் சாக்கடையைப் பற்றி அவரும் பதில் சொல்லட்டும்.

இரண்டாவது ஆட்சேபம் கனமானது: தொழிலாளிக்கு வேண்டியது கூலி, சுவரில் பெயர் அன்று. மெய்தான், கூலியைக் கொடுக்காமல் பெயரை மட்டும் கொடுக்கும் கண்காட்சி மோசடி. ஆனால் கூலி ஏன் குறைவு என்று கேட்டுப் பார்த்தால், ‘இவர் இல்லாவிட்டால் இன்னொருவர்’ என்ற விடையே கடைசியில் வரும். பெயரில்லாதவரை மாற்றிவிடுவது எளிது. ஜப்பானிய மரச்செதுக்கு ஓவியங்களில் வரைந்தவர் ஒருவர், கட்டையைச் செதுக்கியவர் ஒருவர், அச்சடித்தவர் ஒருவர், வெளியிட்டவர் ஒருவர் என நால்வர் கூடி உழைத்தும், ஹொகுசாயின் பெயரை உலகம் அறிந்த அளவுக்கு அவருடைய புகழ்பெற்ற அலைச் சித்திரத்தைக் கட்டையில் செதுக்கிய கையை அறியவில்லை. நம் ரவி வர்மாவின் அச்சுக்கூடம் 1894-இல் பம்பாயில் தொடங்கி வீட்டுக்கு வீடு லட்சுமியையும் சரஸ்வதியையும் கொண்டுபோய்ச் சேர்த்தபோதும், கல்லில் வர்ணம் வர்ணமாகப் பிரித்து வரைந்த தொழிலாளர்கள் பெயரற்றே நின்றார்கள். பதிப்போவியம் இந்த அநீதியைத் தன் வீட்டிலேயே கண்டது. அதனால்தான் இன்றைய நல்ல பட்டறைகள் அச்சடித்தவருடைய முத்திரையையும் தாளின் ஓரத்தில் குத்துகின்றன. அந்தப் பழக்கத்தைத் தோலுக்கும் நீட்டுவதில் என்ன கஷ்டம் இருக்கிறது?

ஆகவே, வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் அரசு அருங்காட்சியகத்திலோ, ஆம்பூரில் ஒரு பொதுக் கூடத்திலோ, ஒரு தோல்வினைஞரும் ஒரு பதிப்போவியரும் சேர்ந்து கண்காட்சி வைக்க வேண்டும்; கலைப் பண்பாட்டுத் துறையும், சென்னைக் கிரீம்ஸ் சாலையில் பதிப்புக்கும் மண்பாண்டத்துக்கும் சிற்பத்துக்கும் ஒரே கூரையின்கீழ்ப் பட்டறைகளை நடத்தும் லலித் கலா அகாதெமியும் இதற்கு உதவ வேண்டும். கோட்டையைச் சொல்லும்போது ஒரு பழைய செய்தி ஞாபகத்துக்கு வருகிறது: 1806 ஜூலையில் அங்கே சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்ததற்கு, புதிய தலைப்பாகையில் வைத்த தோல் சின்னமும் ஒரு காரணம். தலையில் ஏற மறுக்கப்பட்ட தோல் சுவரில் ஏறுவதற்கு அதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் அலங்காரத்துக்கு அழைக்கப்பட்ட விருந்தாளியாகத் தோல்வினைஞர் அங்கே நிற்கக்கூடாது. இருவர் பெயரும் ஒரே அளவு எழுத்தில் இருக்க வேண்டும். பதிப்போவியர் வரைந்துகொடுத்ததைத் தோலில் செய்துகாட்டுவதோடு தோல்வினைஞர் வேலை முடிந்துவிடக்கூடாது. அவர் தேர்ந்தெடுத்த தோலின் தழும்பையும் சுருக்கத்தையும் பார்த்துப் பதிப்போவியர் தம் தகட்டை வடிக்க வேண்டிய சந்தர்ப்பமும் வர வேண்டும். ஏற்றுமதிக்கு ஆகாது என்று கழிக்கப்படும் தோல்களில், முள்வேலி கீறியதும் சூட்டுக்கோல் பட்டதும் எத்தனை இருக்கின்றன! மாட்டின் ஆயுள் முழுவதும் எழுதப்பட்டிருக்கும் அந்தத் தோல்களை எந்த வியாபாரியும் கேட்கமாட்டார், பதிப்போவியர் கேட்பார். விற்பனையில் இருவருக்கும் பங்கு எவ்வளவு என்பது திறப்பு விழாவுக்கு முன்பே எழுத்தில் இருக்கட்டும். ஒரு பொருளில் கட்டிங், ஸ்கைவிங், தையல் என்று நாலைந்து கைகள் பட்டிருந்தால் நாலைந்து பெயர்களும் சீட்டில் ஏறட்டும். சீட்டு பெரிதாகிவிடுமே என்ற கவலை வேண்டாம்.

இன்னும் ஒரு சிறு விஷயம், ஏற்பாடு செய்பவர்கள் அடிக்கடி மறந்துவிடுவது. நம் கலைக்கூடங்களும் அருங்காட்சியகங்களும் காலையில் சாவகாசமாகத் திறந்து மாலையில் விளக்கேற்றும் நேரத்துக்கு முன்பே மூடிவிடுகின்றன. ஷூ கம்பெனியின் பேருந்து அந்நேரத்துக்குத்தான் பெண்களை ஏற்றிக்கொண்டு ஊருக்குப் புறப்படும். கண்காட்சி நடக்கும் நாட்களில் இரவு ஒன்பது மணிவரை கதவு திறந்திருக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை பகல் முழுவதும் திறந்திருக்க வேண்டும், கம்பெனிகள் ஒருநாள் மாலை தங்கள் பேருந்துகளை அந்த வழியாக விட வேண்டும். இந்த மூன்றுக்கும் மாவட்ட ஆட்சியர் ஒருவர் மனம் வைத்தால் போதும்.